தப்பாத குறியும் தப்பும் கையும்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஆன்லைன் ஷூட்டர் விளையாட்டுகள் பற்றிக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். எந்த மௌஸ் நல்லது, பிங் (நெட் தாமதம்) எப்படிக் குறைப்பது என்றெல்லாம் வரும் என்று நினைத்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே புகார்: “அக்கா, எதிரில் இருந்தவன் ஹேக்கர்.” அதாவது ஏமாற்று மென்பொருள் போட்டு ஆடுகிறவன். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே. என்னைப் பற்றி இரண்டு வரி. பதினெட்டு வருடமாக ஆடுகிறேன். அதில் நாலு வருடம் சின்னச் சின்ன ஆன்லைன் போட்டிகளுக்கு நடுவராக இருந்தேன். நடுவர் என்றால் விசில் ஊதும் வேலை என்று நினைக்காதீர்கள். எல்லோரும் தூங்கின பிறகு தனியாக உட்கார்ந்து ரீப்ளே பார்க்கிற வேலை.

என் மகன் தினமும் ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘ஏம்பாட்! ஏம்பாட்!’ என்று கத்துகிறான். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, இல்லை தோற்றதற்குச் சொல்லும் சாக்கா? — ஒரு தாய்

இரண்டும்தான் அம்மா. எதிராளி எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் ஓடுகிறான் என்ற கணக்கு உங்கள் மகனின் கணினிக்குள்ளும் இருக்கிறது. இல்லாவிட்டால் அவனைத் திரையில் வரையவே முடியாது. ஏம்பாட் என்கிற மென்பொருள் நினைவகத்தில் புகுந்து அந்த எண்களைப் படிக்கும். துப்பாக்கியை எத்தனை டிகிரி திருப்பினால் தலைமேல் நிற்கும் என்று கணக்குப் போட்டு, தானே திருப்பிவிடும். ஆடுகிறவர் பட்டனை அழுத்தினால் போதும். இன்னொரு வகை நினைவகத்தைத் தொடுவதே இல்லை. சில விளையாட்டுகளில் எதிராளியைச் சுற்றி ஒரு வண்ணக்கோடு வரும் இல்லையா, திரையில் அந்த நிறம் எங்கே இருக்கிறது என்று பார்த்து மௌஸை அங்கே நகர்த்தும்.

இதற்குச் சொந்தபந்தமும் உண்டு. குறியை நாமே வைத்தால் சுடுவதை மட்டும் அது பார்த்துக்கொள்வது டிரிகர்பாட். சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டிக்கொடுப்பது வால்ஹேக். பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே எல்லோரையும் சாய்ப்பது ஸ்பின்பாட். அதைக் கண்டுபிடிக்க நான் தேவையில்லை, நீங்களே போதும்.

ஆனால் மகன் கத்துகிற ஒவ்வொரு தடவையும் எதிரில் ஏம்பாட் இருந்திருக்காது. கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-ல் ஒரு கணக்கை வெளியே சொன்னது. ஆட்டக்காரர்கள் புகார் கொடுத்து, அனுபவசாலிகள் ரீப்ளே பார்த்துத் தீர்ப்பு சொன்ன வழக்குகளில் குற்றம் உறுதியானது நூற்றுக்குப் பதினைந்திலிருந்து முப்பதுதான். மிச்சமெல்லாம் உங்கள் மகன் மாதிரி யாரோ ஒருவர் ராத்திரியில் கத்தினது.

ஒரு மூலையில் மூன்று பேர் நின்றோம். ஒருவன் உள்ளே வந்தான். டப், டப், டப். மூன்று பேருக்கும் தலையில். ஒன்றரை நொடிகூட ஆகவில்லை. மனுஷனால் முடியுமா? கிளிப் அனுப்பியிருக்கிறேன். — கல்லூரி மாணவர்

கிளிப்பைப் பதினோரு தடவை பார்த்தேன் தம்பி. மனுஷன்தான்.

கோபப்படாமல் மறுபடி ஓட்டிப் பாருங்கள். முதல் குண்டுக்கு முன்னால் நிறுத்துங்கள். அவர் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே கிராஸ்ஹேர் (திரை நடுவில் இருக்கும் குறி) சுவரின் ஓரத்தில், சரியாகத் தலை உயரத்தில் காத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அங்கேதான் நிற்பீர்கள் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். முதல் தலை அவருக்கு இலவசம். இரண்டாவது ஆள் முதல் ஆளுக்கு ஒட்டினாற்போல் நின்றார், அதுவும் பெரிய வேலையில்லை. மூன்றாவது நீங்கள், கொஞ்சம் தள்ளி நின்றீர்கள். அங்கேதான் விஷயம். கால் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கிராஸ்ஹேர் உங்கள் தலையைத் தாண்டிக் காதுக்கு அந்தப் பக்கம் போய், ஒரு நொடியில் மிகச் சின்னப் பங்கு அங்கே தயங்கி, திரும்பி வந்து அப்புறம் சுடுகிறது. காதைத் தாண்டின அந்தத் தப்புதான் அவருடைய கையெழுத்து.

ரீப்ளே பார்க்க உட்காருகிற எல்லோரும் குண்டு விழுந்த இடத்தையே பார்க்கிறார்கள். அது நல்ல ஆட்டக்காரருக்கும் தலையில்தான் விழும், ஹேக்கருக்கும் தலையில்தான் விழும். நான் பார்ப்பது குண்டுக்கு முன்னால் இருக்கிற அரை நொடியை. அதில் கை தப்பியதா, தப்பியதைத் திருத்தியதா என்று மட்டும்.

பால் ஃபிட்ஸ் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர் 1954-ல் சோதனை செய்து ஒரு விதி சொன்னார். கை போகவேண்டிய தூரம் அதிகமானாலும், தொடவேண்டிய இலக்கு சிறியதானாலும், போய்ச் சேர நேரம் கூடும். ஷூட்டர் விளையாட்டுகள் பிறப்பதற்கு முன்னால் சொன்னது, ஆனால் எங்கள் நடுவர் வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவனின் மார்புக்குக் கிராஸ்ஹேரைக் கொண்டுபோகிற நேரத்திலேயே, தூரத்தில் புள்ளியாகத் தெரிகிறவனின் தலைக்கும் ஒருவர் கொண்டுபோகிறார் என்றால், அதுவும் தாண்டாமல், தயங்காமல், ஒரு தடவை அல்ல, ஆட்டம் முழுக்க என்றால், நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

இன்னொன்று இருக்கிறது. என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். எதிராளி இடப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறான். சுடுகிறவரின் கிராஸ்ஹேர் அவனோடேயே போகிறது. அவன் சட்டென்று வலப்பக்கம் திரும்புகிறான். இப்போது மனிதக் கை என்ன செய்யும்? இன்னும் கொஞ்ச நேரம் இடப்பக்கமே போகும். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கைக்குச் சொல்ல ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். நொடிக்கு அறுபது பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் வீடியோவில் எண்ணினால் பன்னிரண்டு பிரேம். அந்தப் பன்னிரண்டு பிரேமும் கிராஸ்ஹேர் காற்றைச் சுட்டுக்கொண்டிருக்கும், அப்புறம்தான் திரும்பி ஓடிவரும். ஏம்பாட்டுக்கு இந்த ஏமாற்றமே கிடையாது. எதிராளி திரும்புகிற அதே பிரேமிலோ, அடுத்த பிரேமிலோ அதுவும் திரும்பும், இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 நொடிக்குள் காலை எடுத்தாலே தவறான தொடக்கம் என்று வைத்திருக்கிறார்கள். உலகத்தின் வேகமான மனிதர்களுக்கே அந்தக் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. ஒருதடவை நடந்தால் அது அதிர்ஷ்டம். எதிராளி திரும்புவான் என்று ஊகித்து முன்னாலேயே திருப்புகிறவர்களும் உண்டு. அந்த ஊகம் சில சமயம் தப்பும், கிராஸ்ஹேர் தனியாக வெறும் இடத்துக்குப் போய் அசடு வழியும். அந்த அசட்டுத்தனம் ஆட்டத்தில் எங்கேயாவது கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள், அவர் மனிதர்.

கில்கேமில் பார்த்தேன், கிராஸ்ஹேர் வெடுக் வெடுக்கென்று தாவித் தாவிப் போனது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

கில்கேம் என்பது நம்மைச் சுட்டவரின் பார்வையில் நம் சாவைத் திரும்பக் காட்டும் படம். ஆனால் அது அவர் திரையில் ஓடின படம் இல்லை. ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வருக்கு வந்து சேர்ந்த தகவலை வைத்து, உங்கள் கணினி உங்களுக்காகத் திரும்பத் தைத்த படம். சர்வர் ஆட்டத்தை நொடிக்கு இத்தனை தடவை என்று துண்டு துண்டாகத்தான் பதிவு செய்யும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் வேகமாகத் திருப்பின கை, கில்கேமில் தாவின மாதிரிதான் தெரியும். நெட் சரியில்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். முழு டெமோ, அதாவது ஆட்டம் முழுவதன் பதிவு, கிடைத்தால் அதைப் பாருங்கள். கில்கேமை மட்டும் வைத்து நான் இதுவரை ஒருவரையும் தண்டித்ததில்லை.

‘சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் என்னைச் சுட்டான்’ என்று எழுதியிருக்கும் மூன்று பேருக்கும் இதே பதில்தான். உங்கள் திரையில் நீங்கள் ஒளிந்துவிட்டீர்கள். அவர் திரையில் இன்னும் ஒளியவில்லை. அவர் சுட்ட நேரத்துக்குக் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிப் பார்த்துத்தான் சர்வர் தீர்ப்பு சொல்லும். எட்டிப் பார்க்கிறவருக்கே லாபம், காத்திருக்கிறவருக்கு நஷ்டம். எரிச்சலான விஷயம்தான், ஆனால் ஹேக் இல்லை.

எதிர் அணியில் ஒருவருக்கு ஹெட்ஷாட் 70 சதவிகிதம். புள்ளிவிவரம் பொய் சொல்லுமா?

பொய் சொல்லாது, பாதிதான் சொல்லும். எத்தனை குண்டில் 70 சதவிகிதம்? அந்த ஆட்டத்தில் அவர் மொத்தம் பத்துப் பேரைச் சாய்த்திருந்தால் அது ஏழு தலை. ஏழு தலை எனக்கே சில நாள் விழும். எந்தத் துப்பாக்கி? கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி வைத்திருப்பவர் வயிற்றில் சுட்டாலே ஆள் காலி, அவர் தலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. கையில் பிஸ்டலோ ஏகே-47-ஓ இருந்தால் தலைதான் சரியான வழி. அதனால் ஹெட்ஷாட் கணக்கு ஆளைவிடத் துப்பாக்கியைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

கணக்கு புதிது, ரேங்க் கீழே, ஆட்டம் மட்டும் மேலே என்றாலும் அவசரப்படாதீர்கள். நல்ல ஆட்டக்காரர் இரண்டாவது கணக்கு திறந்துகொண்டு கீழே வந்து அடிப்பதற்கு ஸ்மர்ஃப் என்று பெயர். அற்பத்தனம், ஆனால் அது வேறு குற்றம்.

அக்கா, இப்போது வருகிற ஏம்பாட்டில் ‘மனுஷன் மாதிரி’ என்றே செட்டிங் இருக்கிறதாமே? அப்போது நீங்கள் சொல்லும் காதும் கையெழுத்தும் என்ன ஆகும்? — பொறியியல் படிப்பவர்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆமாம், இருக்கிறது. கிராஸ்ஹேருக்குப் பக்கத்தில் இத்தனை டிகிரிக்குள் எதிராளி வந்தால்தான் வேலை செய் என்று வட்டம் போட்டு வைக்கலாம். ஒரேயடியாகத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போ என்று சொல்லலாம். தலை வேண்டாம், கழுத்து, அப்புறம் நெஞ்சு என்று மாற்றி மாற்றி வைக்கலாம். நடுவில் வேண்டுமென்றே தப்பவும் சொல்லலாம். இப்படி ஆடுகிறவரை ஒரு கிளிப்பில் என்னால் பிடிக்க முடியாது. பிடித்துவிட்டேன் என்று சொல்கிறவரை நம்பவும் வேண்டாம்.

பிடிபடுவது நீளத்தில். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 2013-லிருந்து ‘ஓவர்வாட்ச்’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது (அதே பெயரில் உள்ள விளையாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). சந்தேகத்துக்கு உரியவரின் ஆட்டத்திலிருந்து சுமார் எட்டு ரவுண்டு அனுபவசாலிகளுக்கு அனுப்புவார்கள். பெயர் இருக்காது, ‘சந்தேக நபர்’ என்றுதான் இருக்கும். பார்த்துவிட்டு, குறி உதவி, பார்வை உதவி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ‘ஆதாரம் போதாது’ அல்லது ‘சந்தேகத்துக்கு இடமில்லை’ என்று சொல்ல வேண்டும். அந்த வேலையை நான் ஆசையாகச் செய்திருக்கிறேன். ஆரம்பத்தில் பார்த்தவரையெல்லாம் தூக்கில் போட்டேன். போகப்போக ‘ஆதாரம் போதாது’ என்ற பட்டன் என் விரலுக்குப் பழகிவிட்டது.

பிற்பாடு இந்த நடுவர்களுக்கு வழக்குகளைப் பொறுக்கி அனுப்ப வாக்நெட் என்று ஒரு கற்கும் இயந்திரத்தை வால்வ் உட்கார வைத்தது. அது பார்த்ததும் குண்டு விழுந்த இடத்தை அல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் சற்று முன்பிருந்து சற்றுப் பின்புவரை பார்வைக்கோணம் எப்படி நகர்ந்தது என்பதை, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளுக்குச் சேர்த்து. அது பொறுக்கி அனுப்பிய வழக்குகளில் மனித நடுவர்கள் 80-லிருந்து 95 சதவிகிதம் வரை ‘குற்றம்’ என்றார்கள். மேலே அந்த அம்மாவுக்குச் சொன்ன 15–30-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோபத்துக்கும் அளவுகோலுக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

என் கண்ணுக்கு இதில் உதவுவது இன்னொரு பொருத்தமின்மை. குறி மட்டும் பதினைந்து வருடம் ஆடினவர் மாதிரி இருக்கும், மற்றதெல்லாம் போன வாரம் சேர்ந்தவர் மாதிரி இருக்கும். திறந்த வெளியில் ரீலோட் செய்வார் (துப்பாக்கியில் குண்டு நிரப்புவார்). மூலையைப் பார்க்காமல் ஓடுவார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பமாட்டார். கிராஸ்ஹேர் நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஆள் தெரிந்தவுடன் மட்டும் தலைக்கு ஏறும். நல்ல குறி ஒருவருக்குத் தனியாக வளர்வதில்லை. கால், காது, பொறுமை எல்லாம் அதோடு சேர்ந்துதான் வளரும்.

இன்னொன்று ஆட்டத்தின் நடுவே மாறுவது. ஒன்பது ரவுண்டு சாதாரணமாக ஆடித் தோற்றுவிட்டு, பத்தாவதில் இருந்து ஒருவர் திடீரென்று அவதாரம் எடுத்தால், பத்தாவதை மட்டும் பார்க்காதீர்கள். முதல் ஒன்பதையும் பாருங்கள். அங்கே அவருடைய உண்மையான கை கிடைக்கும். காதைத் தாண்டும், தயங்கும், தப்பும். பத்தாவதில் அதே கை இருக்கிறதா என்று ஒப்பிட்டால் போதும்.

என்னையே ஹேக்கர் என்கிறார்கள். அதுவும் நான் பெண் என்று குரலில் தெரிந்தவுடன் இன்னும் அதிகம். எப்படி நிரூபிப்பது? — ஒரு வாசகி

2016 ஜூனில் தென்கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். ஓவர்வாட்ச் விளையாட்டில் கெகுரி என்ற பெயரில் ஆடிய பதினேழு வயதுப் பெண். கொரிய மொழியில் அந்தப் பெயருக்குத் தவளை என்று பொருள். சாரியா என்ற பாத்திரத்தை எடுத்து ஆடுவார். சாரியாவின் ஆயுதம் தொடர்ந்து பாயும் கதிர், எதிராளி மேல் அதை விடாமல் பிடித்துக்கொண்டே போக வேண்டும். கெகுரி விடவே மாட்டார். ஒரு தகுதிச்சுற்றில் தோற்ற அணியின் ஆட்டக்காரர்கள் ஏம்பாட் என்றார்கள். அவள் குற்றமற்றவள் என்று தெரிந்தால் ஆட்டத்தையே விட்டுவிடுகிறோம் என்று சவாலும் விட்டார்கள். விளையாட்டை நடத்திய பிளிஸ்ஸார்ட் நிறுவனம் சோதித்துவிட்டு ஏமாற்று இல்லை என்றது. அதோடு ஒரு ஸ்டூடியோவில் வேறு கணினியில், மௌஸ் பிடித்த கைமேல் கேமரா வைத்து, நேரலையில் அவரை ஆடச் சொன்னார்கள். முகத்தில் மாஸ்க்கோடு வந்து உட்கார்ந்து ஆடினார். அதே கதிர், அதே பிடி. மௌஸ் சென்சிட்டிவிட்டியை (கை அசைவுக்குக் குறி எவ்வளவு நகர வேண்டும் என்ற அளவை) அவர் மிக அதிகமாக வைத்திருந்தார், அதனால் திரையில் அசைவு விசித்திரமாகத் தெரிந்திருக்கிறது. குற்றம் சொன்னவர்கள் விலகினார்கள். 2018-ல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார்.

ஆனால் வாசகியே, ஒரு பதினேழு வயதுப் பெண் கேமரா முன்னால் கையைக் காட்டித்தான் தன் திறமைக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. நீங்கள் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. போட்டியில் ஆடுகிறீர்கள் என்றால் உங்கள் டெமோக்களைச் சேமித்து வையுங்கள், முடிந்தால் கையையும் சேர்த்துப் படம் பிடித்து வையுங்கள், கேட்கிற உரிமை உள்ள நடுவர் கேட்டால் கொடுங்கள். லாபியில் கத்துகிறவனுக்கு மியூட் பட்டன் இருக்கிறது.

இதில் நான் யோக்கியமாகப் பேசவும் முடியாது. ஒரு காலத்தில் நானும் கத்தினவள். ஒருவர் என்னை நாலு தடவை ஒரே கதவுக்குப் பின்னால் வைத்துச் சுட்டார். வால்ஹேக், பான் (தடை) செய்யுங்கள் என்று சாட்டில் பெரிய எழுத்தில் போட்டேன். அப்புறம் ரீப்ளேயில் அவருடைய காதில் உட்கார்ந்து கேட்டேன். நாலு தடவையும் நான் கதவுக்குப் பின்னால் நின்று ரீலோட் செய்திருக்கிறேன். கிளிக், கிளாக் என்று அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

மொபைலில் ஆடுகிறேன். ஆள்மேல் கிராஸ்ஹேர் தானாக ஒட்டுகிறது. எனக்கே ஏம்பாட் வந்துவிட்டதா?

இல்லை. அது விளையாட்டே கொடுக்கிற ஏம் அசிஸ்ட். கட்டைவிரலாலும் கன்ட்ரோலர் குச்சியாலும் நுணுக்கமாகக் குறி வைப்பது கஷ்டம் என்பதால், எதிராளி மேல் போகும்போது கிராஸ்ஹேரை மெதுவாக்கும், சில விளையாட்டுகளில் அவனோடு கொஞ்சம் இழுத்துக்கொண்டும் போகும். அதனால் கன்ட்ரோலரில் ஆடுகிறவரின் ரீப்ளேயைப் பார்த்து நான் மேலே சொன்ன ‘திரும்பும் சோதனை’யைப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். பக்கத்துச் சண்டையில் அந்த இழுப்பு மனித வேகத்தை மிஞ்சும். முதலில் அவர் எதில் ஆடுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதை வைத்து ஒரு திருட்டும் நடக்கிறது. மௌஸையும் கீபோர்டையும் கன்ட்ரோலர் என்று விளையாட்டுக்குப் பொய் சொல்லும் சின்னப் பெட்டிகள் உண்டு. மௌஸின் துல்லியம், மேலே இலவசமாக ஏம் அசிஸ்ட். ரெயின்போ சிக்ஸ் சீஜ் விளையாட்டில் 2023-ல் இதற்கு ஒரு வேடிக்கையான தண்டனை கொண்டுவந்தார்கள். பெட்டியைக் கண்டுபிடித்தால் பான் இல்லை. மௌஸ் சொன்ன பேச்சைத் தாமதமாகக் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த தண்டனை.

ரிப்போர்ட் அடித்து இரண்டு வாரம் ஆகிறது. அவன் இன்னும் ஆடுகிறான். ஆன்டி-சீட் தூங்குகிறதா?

ஏமாற்றைப் பிடிக்கும் அந்த மென்பொருள் விழித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். ஒருவரைக் கண்டுபிடித்த நிமிடமே தூக்கினால், எந்த அசைவில் மாட்டினோம் என்று ஏமாற்று மென்பொருள் எழுதினவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் சேர்த்து வைத்து ஒரு நாள் மொத்தமாக வாருவார்கள். 2023 பிப்ரவரியில் டோட்டா 2-வில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம், அது ஷூட்டர் இல்லை என்றாலும். சாதாரணமாக ஆடுகிறவரின் விளையாட்டு ஒருபோதும் படிக்காத ஓர் இடத்தில் தகவலை ஒளித்து வைத்தார்கள். திருட்டு மென்பொருள் மட்டும்தான் அங்கே போய் மோப்பம் பிடிக்கும். பிடித்தது. 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் ஒரே வீச்சில் போயின.

கால் ஆஃப் டியூட்டியில் 2023-ல் இன்னும் குறும்பு. சந்தேகத்துக்கு உரியவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும் பொய் ஆட்டக்காரர்களை உலவவிட்டார்கள். நல்லவர் பார்வையில் அங்கே ஒன்றுமே இல்லை. ஏம்பாட் ஓடிப்போய் அந்த ஆவியைச் சுட்டால், சுட்டவர் தானே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. வாலரன்ட் வேறு வழியில் போனது. எதிராளி கண்ணில் படும் தருணம் நெருங்கும்வரை அவன் இருக்கும் இடத்தை உங்கள் கணினிக்கு சர்வர் அனுப்புவதே இல்லை. இல்லாத எண்ணை எந்த வால்ஹேக் படிக்கும்? அதோடு 2020-லிருந்து வேன்கார்ட் என்ற காவலாளி கணினி ஆன் ஆகும்போதே, இயங்குதளத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவு ஆழத்தில் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை விடலாமா என்று கேட்கிறவர்களின் கவலை நியாயமானது. திருடனோ அடுத்த கணினிக்கே போய்விட்டான். ஒரு கார்டைச் செருகி, ஆட்டம் ஓடும் கணினியின் நினைவகத்தை இன்னொரு கணினியிலிருந்து படிக்கிறான். ஆட்டம் ஓடும் கணினியில் தேடினால் சந்தேகப்படும்படி ஒரு மென்பொருளும் இருக்காது. அப்போது மிஞ்சுவது மறுபடி அந்த அரை நொடி அசைவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விளையாட்டுக்குள்ளேயே ரிப்போர்ட் அடியுங்கள், எந்த ரவுண்டு என்று குறித்து வையுங்கள், டெமோவைச் சேமியுங்கள். பெயரைப் போட்டு ஊரெல்லாம் அனுப்பாதீர்கள். ‘ஹேக்கரைக் கண்டுபிடிக்கும் ஆப்’ என்று ஏதாவது கண்ணில் பட்டால் இறக்காதீர்கள்.

பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்களும் செய்வார்களா?

செய்து மாட்டியிருக்கிறார்கள். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஒரு கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில், மேடையிலேயே, ஆட்டம் நடக்கும்போதே ஒருவர் பிடிபட்டார். குறிக்கு உதவும் மென்பொருள், ஃபைலின் பெயர் ‘வேர்டு டாட் இஎக்ஸ்இ’. கடிதம் தட்டச்சு செய்யப் போனவர் மாதிரி! சோதிக்க வந்த மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போதே அதை அழிக்கப் பார்த்தார். அவருடைய அணி முழுவதும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அவருக்கு ஐந்து வருடத் தடை.

தலைகீழான கதையும் உண்டு. 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் வட அமெரிக்க இறுதிச்சுற்று. ஆட்டத்தின் நடுவில் ஒருவருக்குத் திடீரென்று சுவர் வழியாக எல்லோரும் தெரிய ஆரம்பித்தார்கள். இன்னொருவருக்கு ஏம்பாட் வந்துவிட்டது. அவர்கள் கேட்கவில்லை, வெளியிலிருந்து யாரோ புகுந்து மாட்டிவிட்டார்கள். இருவரும் பார்வையாளர்கள் முன்னாலேயே உரக்கச் சொன்னார்கள். போட்டி ஒத்திவைக்கப்பட்டது. உலகமே பார்க்கும் ஆட்டத்தில், கையில் ஏம்பாட்டோடு, முழுக்க முழுக்க நிரபராதிகள்.

ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா, சும்மா தெரிந்துகொள்ள?

வேண்டாம். அந்த மென்பொருளை ஓடவிட உன் கணினியின் காவல்களையெல்லாம் முதலில் அணைக்கச் சொல்வார்கள். அணைத்த பிறகு உள்ளே வருவது ஏம்பாட் மட்டும்தான் என்பதற்கு யார் பொறுப்பு? ஏமாற்றுப் பொருள் விற்கிறவனிடம் நாணயத்தை எதிர்பார்க்கிறாயா?

என் நெருங்கிய நண்பன், எங்கள் அணியில் ஆடுகிறவன், ஏம்பாட் போடுகிறான் என்று சந்தேகம். எப்படிக் கேட்பது? — பெயர் வேண்டாம்

எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரிந்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும். மூன்று வருடம் என்னோடு ஆடினவர் ஒருவர். நான் நடுவராக இருந்த போட்டியில் அவர் கலந்துகொள்ளவில்லை, அதனால் அவருடைய டெமோவை நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் எங்கள் பழைய ஆட்டம் ஒன்றை, நாங்கள் ஜெயித்த ஆட்டத்தை, ரசிக்கத்தான் போட்டேன். பழக்கதோஷம், வேகத்தைக் குறைத்தேன். எதிராளி திரும்பும்போது அவருடைய கிராஸ்ஹேரும் அதே பிரேமில் திரும்பியது. இன்னொன்று. இன்னொன்று. பதினாலு வரை எண்ணினேன்.

இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம், இந்த வாரம் நேரில் வாங்களேன், என் கணினியில் நாலு ஆட்டம் போடலாம் என்று மட்டும் செய்தி அனுப்பினேன். என் மௌஸ் தனக்கு ஒத்துவராது என்றார். சொந்த மௌஸைக் கொண்டு வாங்களேன் என்றேன். பதில் இல்லை. நண்பர் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. நான் உள்ளே வருகிற ராத்திரிகளில் ஆளில்லை என்ற சாம்பல் நிறமாகவே இருக்கிறது.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் டெமோவைப் பார்த்துவிடுங்கள். எண்ணிப் பாருங்கள். காதைத் தாண்டுகிறதா என்று தேடுங்கள், ஆசையோடு தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள்.